கடல் கொள்ளாத ஊர்

கடல் கொண்ட ஊர்களைப் பற்றி நாம் நிரம்பக் கேட்டிருக்கிறோம். காவிரிப்பூம்பட்டினம் கடலுள் போயிற்று என்று சொன்னால் வகுப்பில் கடைசி வரிசை மாணவனும் காதைத் தீட்டிக்கொள்கிறான். கடலிடம் காரணம் கேட்க முடியாது. பொங்கிற்று, ஊர் போயிற்று, அவ்வளவே கதை. ஆனால் கடல் ஓரடியும் முன்வராமல், நிலம் நடுங்காமல், பகைவன் படை நுழையாமல், வசதி படைத்தோர் வாழ்ந்த கடற்கரை ஊரொன்று ஏறத்தாழப் பத்தாண்டுக் காலத்தில் தரைமட்டமாயிற்று. அந்தக் கதையில் காரணம் கேட்க இடமுண்டு. கேட்டால் பதிலும் உண்டு; அதுவும் முத்திரையிட்ட தாளில் உண்டு.

ஊரின் பெயர் சர்ஃப்ரிட்ஜ். நம் மொழியில் அலைமேடு எனலாம். அமெரிக்க நாட்டின் மேற்குக் கோடியில், கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் பசிபிக் பெருங்கடலைத் தொடும் விளிம்பில் மணல்மேடு ஒன்று நீண்டு கிடக்கிறது. மேற்கே கடல், கிழக்கே உலகின் பெரிய விமான நிலையங்களில் ஒன்று. விஸ்டா டெல் மார் என்னும் கடற்கரைச் சாலை வழியே போகிறவர் கம்பி வேலியொன்றைக் காண்பார். வேலிக்கு அப்பால் தெருக்கள் உண்டு, வீடுகள் இல்லை. வெடித்த சாலைகள், எந்த வாசலுக்கும் இட்டுச் செல்லாத படிக்கட்டுகள், எதையும் தாங்காத தாங்குசுவர்கள், யாரோ முற்றத்தில் நட்டுவைத்த பனையின மரங்கள். இவற்றின் தலைக்கு மேல், ஓடுபாதையை விட்டு எழும்பிய விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலை நோக்கிப் பறக்கும்.

வேடிக்கை பார்க்க வருவோர் இதனைப் 'பேயூர்' என்கிறார்கள். பேய் என்றதும் நமக்கு ஆவல் பிறக்கிறது, வேறு காரணத்துக்காக! எங்கெல்லாம் பேய் உலவுவதாகச் சொல்லப்படுகிறதோ, அங்கெல்லாம் யாரோ ஒரு மனிதன் செய்த காரியம் மறைக்கப்பட்டிருக்கிறது என்பது நம் பட்டறிவு. இங்கும் அப்படியே. பேயைத் தேடிப் புறப்பட்டால் பத்திரப் பதிவு அலுவலகத்தில்தான் போய் நிற்கிறோம்.

அந்த மணல்மேட்டுக்கு முதற் குடியினர் டோங்வா மக்கள். தோணி கட்டிக் கடலில் சென்று மீன்பிடித்த மக்கள். பத்திரம் எழுதிக்கொள்ளாத மக்கள். ஆகவே அவர்களிடமிருந்து நிலம் போனதற்கு விலையும் இல்லை, இரசீதும் இல்லை. பிறகு ஸ்பானியர் வந்தனர், மெக்சிகோ ஆண்டது. 1837இல் இந்தப் பகுதி சவுசல் ரெடோண்டோ என்னும் பெரும் பண்ணையாக ஒரு குடும்பத்துக்கு வழங்கப்பட்டது. அதன்பின் அமெரிக்கர் ஆட்சி. பெரும்பண்ணை துண்டுபட்டது. 1911இல் ஸ்டாண்டர்டு எண்ணெய்க் குழுமம் கலிபோர்னியாவில் தன் இரண்டாவது சுத்திகரிப்பு ஆலையை அங்கு அமைத்தது. 'இரண்டாவது' என்பதற்கு ஸ்பானிய மொழியில் 'எல் செகுண்டோ' என்று பெயர். பக்கத்து ஊருக்கும் அதுவே பெயராயிற்று. ஆலையின் வரிசை எண்ணை ஊருக்குப் பெயராகச் சூட்டிய உலகம் அது! அங்கே நிலம் சரக்கு. ஊர் என்பது சரக்கின்மேல் ஒட்டிய சீட்டு.

1921இல் டிக்கின்சன் கில்லெஸ்பி என்னும் மனை வாணிபக் குழுமம் மணல்மேட்டை அளந்து கூறுபோட்டது. முதலில் பாலிசேட்ஸ் டெல் ரே. அதன் தென்பகுதிக்கு 1925இல் பெயர் தேவைப்பட்டபோது, பெயர் சொல்பவருக்கு 1,000 டாலர் பரிசு என்று போட்டி வைத்தனர். அப்படிக் கிடைத்த பெயரே சர்ஃப்ரிட்ஜ். குழுமத்தின் விற்பனைத் தலைவர் பிரிட்ஸ் பர்ன்ஸ் என்னும் இளைஞர். மனை விற்பதில் மன்னர். அருகே ஹாலிவுட், அங்கே பணம் குவிந்த நாட்கள். பெரும் படங்களை எடுத்த செசில் பி. டெமில் இந்தக் கடற்கரையில் வீடு வைத்திருந்தார். கடலைப் பார்த்த மாடங்கள், வெள்ளைச் சுவர்கள், மாலை வெயில். விளம்பரத்துக்கு வேறென்ன வேண்டும்?

விளம்பரத்தில் வராத ஒன்று கிரயப் பத்திரத்தில் இருந்தது. வீட்டின் புறச்சுவர் செங்கல், கல், காரைப்பூச்சு இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும்; மரச்சட்ட வீடு கூடாது என்பது ஒரு நிபந்தனை. முற்றிலும் வெள்ளை இனத்தவரல்லாத எவரும் அங்கே குடியிருக்கக் கூடாது என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே தாளில், ஒரே மையில்! சுவர் எந்தப் பொருளால் ஆனது என்று கேட்ட அதே தாள், மனிதன் எந்தப் பொருளால் ஆனவன் என்றும் கேட்டது. இதற்கு ஒரு விலக்கும் எழுதி வைத்தனர்: வீட்டுக்காரரிடம் ஊழியம் செய்பவரானால் இருக்கலாம். சமையலறையில் கறுப்புக் கை வேண்டும், கூடத்தில் கூடாது. முன்வாசல் மூடியவனுக்குக் கொல்லைவாசல் திறந்திருக்கும் இந்த ஏற்பாட்டை விளக்கிச் சொல்ல நம் வாசகர்க்கு அகராதி தேவையில்லை.

இது சர்ஃப்ரிட்ஜுக்கு மட்டும் உரிய பழக்கமன்று. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரெங்கும், அமெரிக்க நாட்டு நகரங்கள் பலவற்றிலும், புதிதாக எழுந்த குடியிருப்புகளின் பத்திரங்களில் இத்தகைய வரிகள் இருந்தன. அரசு எழுதிய சட்டமல்ல, மனை விற்பவர் எழுதிய நிபந்தனை. ஆனால் அதை மீறினால் நிறைவேற்றித் தரும் கை அரசின் நீதிமன்றத்துடையது. 'நாங்கள் யாரையும் விலக்கவில்லை, பத்திரம் விலக்குகிறது' என்று அண்டைவீட்டார் சொல்லலாம். 'நாங்கள் எழுதவில்லை, நிறைவேற்றுகிறோம்' என்று நீதிபதி சொல்லலாம். பொறுப்பைத் தாளின்மேல் ஏற்றிவிட்டு எல்லோரும் நல்லவராக உறங்கலாம்.

இதே நாட்களில், இதே கடற்கரையில், எல் செகுண்டோவைத் தாண்டிச் சில மைல் தெற்கே மன்ஹாட்டன் பீச் என்னும் சிற்றூரில் நடந்ததை இங்கே சேர்த்துச் சொல்லாவிட்டால் நம் கதை பாதிக் கதையாகிவிடும். 1912இல் வில்லா புரூஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி அங்கே கடலோர மனையொன்றை 1,225 டாலருக்கு வாங்கினார். கணவர் சார்லஸ் புரூஸ் இரயில் வண்டியின் உணவுப் பெட்டியில் சமையற்காரர். இருவரும் சேர்ந்து உணவு விடுதியும் குளிப்போர் உடைமாற்றும் அறைகளும் நடன மன்றமும் கட்டினர். கடலில் கால் நனைக்கவும் இடம் மறுக்கப்பட்ட கறுப்பின மக்கள் நகரிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தனர். அண்டையார் சும்மா இருக்கவில்லை. விடுதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் கயிறு கட்டினர். வருவோர் சுற்றி நடந்து கடலை அடைந்தனர். அச்சுறுத்திப் பார்த்தனர், கூட்டம் குறையவில்லை. எனவே 1924இல் ஊராட்சி மன்றம் கண்டுபிடித்தது: ஊருக்குப் பூங்கா வேண்டும்! அதற்குத் தகுந்த இடம் புரூஸ் குடும்பத்தின் நிலமும் அதனருகே கறுப்பினத்தார் சிலர் வாங்கியிருந்த மனைகளுமே!

புரூஸ் குடும்பம் 1,20,000 டாலர் கேட்டது. கிடைத்தது 14,500 டாலர். 1927இல் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. பூங்காவுக்கு என்ன அவசரம் என்று பார்த்தால், இடித்த இடம் பல பத்தாண்டுகள் வெறுமையாகவே கிடந்தது. பொது நன்மை என்ற சொல்லுக்கு உள்ளே எதை வைத்தாலும் அது வாய் மூடிக்கொள்ளும் என்பதற்கு அந்த வெற்றிடத்தைக் காட்டலாம்.

இனி விமானத்துக்கு வருவோம். சர்ஃப்ரிட்ஜில் மனை விற்ற நாளில் மேட்டுக்குக் கிழக்கே இருந்தவை அவரை வயல்களும் கோதுமை, வாற்கோதுமை வயல்களும். 1928இல் நகராட்சி அங்கே 640 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து விமானத் திடல் ஆக்கியது. நிலத்தைப் பேசி முடித்த தரகரின் பெயரால் மைன்ஸ் திடல் என அழைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே தேசிய விமானப் பந்தயம் அங்கே நடந்தது. விசிறி சுழலும் சிறு விமானங்கள். அண்ணாந்து பார்த்தால் பொழுதுபோக்கு. 1937இல் நகரம் நிலத்தை வாங்கியது. 1946 இறுதியில் பயணி விமானங்கள் வந்தன. 1949இல் பன்னாட்டு விமான நிலையம் எனப் பெயர் உயர்ந்தது. ஓடுபாதைகள் நீண்டன, நீண்ட திசை மேற்கு, அதாவது மேட்டின் திசை. கடற்காற்றை எதிர்த்து விமானம் எழும்ப வேண்டும் என்பது இயற்கையின் கணக்கு. ஆகவே எழும்பும் ஒவ்வொரு விமானமும் அலைமேட்டின் கூரைகளைக் கடந்துதான் கடலை அடைய வேண்டும்.

1959 சனவரி 25ஆம் நாள் போயிங் 707 என்னும் ஜெட் விமானம் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க் நோக்கிப் பயணிகளுடன் எழுந்தது. நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஜெட் பயணச் சேவை அன்று தொடங்கியது. உலகம் கை தட்டியது, தட்டியது நியாயமே. அறிவியலின் ஆற்றலைக் கண்டு அஞ்சும் கூட்டத்தில் நாம் இல்லை. ஆனால் அந்த முழக்கத்தின் கீழே படுக்கையறை இருந்தது, தொட்டில் இருந்தது, உணவு மேசை இருந்தது. பேச்சை நடுவில் நிறுத்தி விமானம் போகக் காத்திருந்து மீண்டும் தொடங்கும் வாழ்க்கை அது. மாடத்தில் அமர்ந்து கடலை ரசிப்பதற்காக வாங்கிய வீட்டில் அலையின் ஓசை கேட்கவில்லை.

இங்கே சட்டம் ஒரு சுவையான கேள்வியைச் சந்திக்கிறது. நிலம் என்னுடையது, நிலத்தின் மேலுள்ள வானம் யாருடையது? நிலத்துக்கு உரியவனுக்கு அதற்கு நேர் மேலே வான்முகடு வரை உரிமை என்பது பழைய ஆங்கிலச் சட்ட மரபு. அந்த மரபை 1946இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உடைத்தது. உடைக்கக் காரணமாக இருந்தவை கோழிகள்! வட கரோலினா மாநிலத்தில் ஒருவரின் கோழிப் பண்ணைக்கு மேல் இராணுவ விமானங்கள் மிகத் தாழப் பறந்தன. இரைச்சலுக்கும் வெளிச்சத்துக்கும் மிரண்டு சுவரில் மோதி ஏறத்தாழ 150 கோழிகள் மாண்டன, பண்ணை மூடப்பட்டது. காஸ்பி வழக்கு எனப்படும் அதில் நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதிய தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டியது: வானம் பொதுவழி, எவரும் உரிமை கொண்டாட முடியாது, ஆயினும் நிலத்தைப் பயனற்றதாக்கும் அளவு தாழவும் அடிக்கடியும் பறந்தால் அது நிலத்தைப் பறித்ததற்கு ஒப்பு, எனவே விலை கொடு.

யார் கொடுப்பது? அங்கே விமானம் அரசுடையது. விமானம் வேறு ஒருவருடையதாகவும் நிலையம் வேறு ஒருவருடையதாகவும் இருந்தால்? 1962இல் பிட்ஸ்பர்க் நகர் விமான நிலையத்தைப் பற்றிய கிரிக்ஸ் வழக்கில் அதே டக்ளஸ் பதில் எழுதினார்: நிலையத்தை நடத்தும் ஆட்சிமன்றமே கொடுக்க வேண்டும். ஓடுபாதைக்கு நிலம் வாங்கியது போதாது. ஏறி இறங்கும் வழிக்கும் இடம் வாங்கியிருக்க வேண்டும்.

இந்தத் தீர்ப்பை மனத்தில் வைத்துக்கொண்டு சர்ஃப்ரிட்ஜைப் பாருங்கள். ஏறத்தாழ 800 வீடுகள். அத்தனை வீட்டாரும் வழக்குத் தொடுக்கலாம். இன்று ஈட்டுத்தொகை கொடுத்தாலும் நாளை இன்னும் பெரிய விமானம் வந்தால் மீண்டும் வழக்கு. அதைவிட வீட்டையே வாங்கிவிட்டால் கேட்கும் காது இருக்காது. 1960களின் நடுவில் தொடங்கி 1970களின் நடுவரை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் வீடு வீடாக வாங்கியது. விற்க மறுத்தவர்மேல் கட்டாயக் கையகப்படுத்தும் அதிகாரம் பாய்ந்தது. சிலர் வழக்காடினர், வீட்டைக் காக்க முடியவில்லை. சில வீடுகள் அடியோடு பெயர்க்கப்பட்டு வண்டியில் ஏற்றப்பட்டு வேறிடம் போயின. மற்றவை இயந்திரத்தின் முன் சரிந்தன. விமான நிலையத்தைச் சூழ்ந்த வீட்டுக்காரர்கள் இரைச்சலுக்கு ஈடு கேட்டுத் தொடுத்த ஏரன் வழக்கில் 1974இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் நகரத்துக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. நகரம் போட்ட கணக்கு பொய்க்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடித்த இடத்தில் ஓடுபாதை போடவில்லை. பயணிக்கூடம் கட்டவில்லை. விமான நிலையத்துக்கு அந்த நிலம் தேவைப்படவே இல்லை; அந்த நிலத்தில் மனிதர் இல்லாமலிருப்பதே தேவைப்பட்டது. வெறுமைக்காகவே வெறுமையாக்கப்பட்ட ஊர் அது.

தோழர்களே, இங்கே நம்மவர் சிலருக்கு ஒரு மகிழ்ச்சி தோன்றக்கூடும். பிற இனத்தாரை உள்ளே விடாதே என்று பத்திரம் எழுதியவர் ஊரை விட்டே பெயர்த்தெறியப்பட்டனரே! விதைத்ததை அறுத்தனர், செய்த வினை திரும்பிச் சுட்டது என்று சொல்ல நாக்கு துடிக்கும். அந்த நாக்கை நாம் சற்று அடக்கிக்கொள்ள வேண்டும். ஏனெனில் அது பழைய கர்மக் கணக்கு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

கணக்கைச் சரிபார்ப்போம். பத்திரத்தை எழுதியவர் யார்? மனை விற்ற குழுமம். விற்றுப் பணம் எண்ணிக்கொண்டு போயிற்று. பர்ன்ஸ் 1940களின் பிற்பகுதியில் ஹென்றி கைசரோடு சேர்ந்து பனோரமா சிட்டி என்னும் பெருங் குடியிருப்பை எழுப்பிப் புகழும் பொருளும் ஈட்டினார். வினை அவரைத் தேடிச் செல்லவில்லை. முகவரி தெரியவில்லை போலும்! வெளியேற்றப்பட்டோர் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அங்கே வாழ்ந்தோர். அவர்களுள் அந்த வீட்டிலேயே பிறந்த குழந்தைகள் உண்டு. பாட்டன் தின்ற புளியங்காய்க்குப் பேரன் பல் கூசினான் என்பது நீதியாகுமா? அவர்கள் கைக்கு விலையும் வந்தது. பிடித்த விலையன்று, பேசி முடித்த விலையுமன்று. இரைச்சலை எழுப்பியவனே இரைச்சலால் விலை சரிந்த வீட்டுக்கு மதிப்புப் போடுவது முறையா என்ற கேள்வியும் நியாயமானதே. ஆயினும் வழக்காட வழியும் வேறிடத்தில் குடியேற வாய்ப்பும் அவர்களுக்கு இருந்தன. எந்தப் பத்திரமும் அவர்கள் முகத்தைப் பார்த்துக் கதவடைக்கவில்லை.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி ஒன்றுண்டு. சர்ஃப்ரிட்ஜ் மக்கள் வீடிழந்தது வினைப்பயன் என்றால், வில்லா புரூஸ் விடுதி இழந்தது எந்த வினையின் பயன்? 1,225 டாலர் கொடுத்து முறையாக வாங்கியதா? தம் மக்களுக்குக் கடலைக் காட்டியதா? ஒருவர்க்குப் பொருந்தும் விளக்கம் அடுத்தவர்மேல் பழியாக வீழ்கிறது; அத்தகைய விளக்கத்தை நாம் எதிரிக்காகவும் கடன் வாங்கக் கூடாது.

பத்திரத்தின் அந்த வரியை முறித்தது வினையுமல்ல, விமானமுமல்ல. மனிதர் முறித்தனர், நீதிமன்றத்தில் நின்று. 'கான் வித் தி விண்ட்' படத்தில் பணிப்பெண்ணாக நடித்து 1940இல் ஆஸ்கார் பரிசு பெற்ற ஹாட்டி மெக்டேனியல் லாஸ் ஏஞ்சல்ஸில் வீடு வாங்கினார். பரிசளிப்பு விழாவிலேயே தனி மேசையில் அமர வைக்கப்பட்டவர் அவர். வெள்ளையரான அண்டையார் அவரையும் அங்கே வீடு வாங்கிய பிற கறுப்பினத்தாரையும் வெளியேற்ற வழக்குத் தொடுத்தனர். வழக்கறிஞர் லோரன் மில்லர் எதிர்த்து நின்றார். 1945 டிசம்பரில் நீதிபதி தர்மண்டு கிளார்க் வழக்கைத் தள்ளினார். மூன்றாண்டுக்குப் பின் ஷெல்லி வழக்கில், இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றம் நிறைவேற்றித் தருவது அரசியலமைப்புக்கு முரண் என்றது உச்ச நீதிமன்றம். விடுவார்களா? வெளியேற்ற முடியாவிட்டால் என்ன, நிபந்தனையை மீறி விற்ற வெள்ளையரிடம் இழப்பீடு கேட்போம் என்று லாஸ் ஏஞ்சல்ஸிலேயே மற்றொரு வழக்கு எழுந்தது. 1953இல் அதுவும் வீழ்ந்தது. வீட்டு விற்பனையில் இனம் பார்ப்பதே குற்றம் என்ற சட்டம் 1968இல் வந்தது. அந்த ஆண்டில் அலைமேட்டில் வீடுகள் சரிந்துகொண்டிருந்தன.

இன்னொரு மனிதரையும் சொல்லியாக வேண்டும். 1961இல் ஜெட் காலத்துக்கென விமான நிலையம் புதுக்கோலம் பூண்டபோது, அதனைக் கூட்டாக வடிவமைத்த கட்டடக் கலைஞருள் பால் வில்லியம்ஸ் ஒருவர். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் மன்றத்தில் 1923இல் சேர்க்கப்பட்ட முதற் கறுப்பினத்தவர். ஹாலிவுட் செல்வர் பலருக்கு மாளிகை வரைந்தவர். அவற்றுள் பல, அவர் விலை கொடுத்தாலும் குடியிருக்க முடியாத பகுதிகளில் எழுந்தவை. பக்கத்தில் ஒரு கறுப்பினத்தவர் அமர்வதை வெள்ளை வாடிக்கையாளர் விரும்பமாட்டார் என்பதால், மேசைக்கு எதிர்ப்புறம் அமர்ந்தபடியே, அவர் பார்வைக்கு நேராகத் தெரியும்படி தலைகீழாக வரையப் பழகிக்கொண்டார். எத்தனை இரவுகள் பழகியிருப்பார்! வெள்ளையருக்கு மட்டும் என்று எழுதி எழுந்த ஊரை விழுங்கிய விமான நிலையத்தின் வடிவில் அவர் கையும் இருக்கிறது. இதையும் நாம் 'பழிவாங்கல்' என்று சொல்லப் போவதில்லை. அவருக்குக் கிடைத்த வேலை அது. அதை நன்றாகச் செய்தார்.

ஊர் போன பிறகு மேட்டுக்குக் குடிவந்தது ஒரு பட்டாம்பூச்சி. குடிவந்தது என்பதும் பிழை, அதுதான் பழங்குடி. எல் செகுண்டோ நீலம் என்பது பெயர். சிறகு விரித்தால் ஓரங்குல அளவு. கடலோர மணலில் வளரும் ஒரு குறிப்பிட்ட செடியின் பூங்கொத்திலேதான் முட்டையிடும்; புழு அந்தப் பூவையே தின்று வளரும்; எறும்புகள் அதற்குக் காவல். வீடும் ஆலையும் மணலைத் தின்றதால் செடி குறைந்தது, பூச்சியும் குறைந்தது. 1976இல் நடுவண் அரசு அதை அழிவின் விளிம்பிலுள்ள உயிரெனப் பட்டியலிட்டது. அதற்கு முன்னரே மணல் சரியாமலிருக்க விமான நிலையத்தார் செடி நட்டனர். நட்டது அதே குலத்தில் வேறு செடி. முன்னதாகப் பூக்கும் அச்செடி நீலத்துக்கு உதவாமல் அதன் போட்டிப் பூச்சிகளை வளர்த்தது. பின்னர் அறிஞர் எடுத்துச் சொல்ல, அயற்செடி களைந்து உரிய செடியை நட்டபின் பூச்சி பெருகியது. 1980களில் அந்த நிலத்தில் கோல்ஃப் ஆடுகளம் அமைக்கும் யோசனையும் எழுந்தது. கடற்கரைக் காவல் ஆணையம் இடம் தரவில்லை. இன்று ஏறத்தாழ 200 ஏக்கர் அந்தச் சிறு உயிரின் காப்பிடம்.

பூச்சி பிழைத்ததில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் மேட்டை விட்டு மறுபுறம் பார்க்க வேண்டும். விமானம் எழும்புவது மேற்கே என்றால் இறங்கி வருவது கிழக்கே. அங்கே லென்னாக்ஸ், இங்கிள்வுட். உழைக்கும் மக்கள், பெரும்பாலும் கறுப்பினத்தாரும் ஸ்பானிய மொழி பேசுவோரும். பள்ளிக்கூடங்களின் கூரைக்கு மேலேயே விமானம் தாழ்ந்து இறங்கும். ஆசிரியர் பாதிச் சொல்லில் நிறுத்திக் காத்திருப்பார். நாமும் அந்தத் தொழிலில் இருப்பதால் அது என்ன என்று தெரியும். 2004இல் அங்குள்ள குடியிருப்போரும் தொழிற்சங்கத்தாரும் பள்ளி நிர்வாகத்தாரும் பிறரும் கூட்டணி அமைத்து விமான நிலையத்தாரோடு உடன்படிக்கை செய்துகொண்டனர். வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் ஒலித்தடுப்பு, வேலைவாய்ப்பு, மாசு குறைப்பு என ஏறத்தாழ 50 கோடி டாலர் மதிப்புள்ள வாக்குறுதிகள். பேயூர் பார்க்க வருவோர் அந்தப் பக்கம் போவதில்லை.

புரூஸ் குடும்பத்தின் வழக்கு? மன்ஹாட்டன் பீச்சில் இடித்த நிலம் கைமாறிக் கைமாறி மாவட்ட ஆட்சியிடம் வந்திருந்தது. மக்கள் இயக்கம் எழுந்தது; 2021இல் மாநிலச் சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றியது; 2022இல் நிலம் வில்லா, சார்லஸ் இருவரின் வழித்தோன்றல்களிடம் திருப்பித் தரப்பட்டது. 2023இல் அவர்கள் அதை ஏறத்தாழ 2 கோடி டாலருக்கு மாவட்ட ஆட்சிக்கே விற்றனர். 14,500 எங்கே, 2 கோடி எங்கே! நடுவில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு. வில்லாவும் சார்லசும் அதைக் காணவில்லை.

பத்திரங்கள் மட்டும் அப்படியே இருந்தன. நிறைவேற்ற முடியாதவை ஆனாலும், வீடு கைமாறும்போதெல்லாம் அந்தப் பழைய வரிகளும் தாளோடு தாளாகக் கைமாறின. 2021இல் கலிபோர்னியா மற்றொரு சட்டம் இயற்றியது: மாவட்டப் பதிவாளர்கள் தங்கள் ஏடுகளைத் தேடி, இனம் சொல்லி விலக்கும் வரிகளைக் கண்டுபிடித்து மறைக்க வேண்டும்; மூலப் படியை வரலாற்றுக்காகத் தனியே பேண வேண்டும். 2022 சூலை முதல் அந்தப் பணி பதிவாளர்களின் கடமையாயிற்று. லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டப் பதிவகத்தின் கோடிக்கணக்கான பக்கங்களுள் சர்ஃப்ரிட்ஜின் மனைப் பத்திரங்களும் உள்ளன. கூரையில்லாத, சுவரில்லாத, வாசலில்லாத ஏறத்தாழ 800 வீடுகளில் யார் குடியிருக்கக் கூடாது என்று சொல்லும் தாள்கள். எழுத்தர்கள் அவற்றையும் புரட்டியாக வேண்டும்.